மனத்தை உடலுக்குள் தேடத் தொடங்கியது எப்போது?

மனத்தைப் பற்றி அறிய நரம்பை ஏன் ஆராய வேண்டும், மனத்தை மூளை, நரம்பு வழியே ஆராயும் உயிரியல் உளவியல் எப்படித் தொடங்கியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டால் துடிப்பதை 1791இல் இத்தாலிய மருத்துவர் கால்வானி வெளியிட்டபோதே இதற்கு வித்து விழுந்துவிட்டது. ஆயினும் பெரிய திருப்பம் 1850இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் செய்த அளவீடுதான் என்பேன். நரம்புச் செய்தியின் வேகத்தை அளக்கவே முடியாது என்று அவருடைய ஆசிரியர் முல்லர் கருதியிருக்க, தவளை நரம்பில் அது நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்தான் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். நரம்புச் செய்தியும் அளக்கக்கூடிய உடல் நிகழ்வே என்றானது. 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா, பேச்சிழந்த ஒருவரின் மூளையில் இடப்பக்க முன்பகுதி சிதைந்திருந்ததைக் கண்டு, பேச்சுக்கு மூளையில் இடமுண்டு என்றார்.

அடுத்த கதை நம் பாம்பன், மண்டபம் கரைக்காரர்களுக்கு நெருக்கமானது. ஊசிக் கணவாயைக் கீறி விரித்தால், உட்சுவரில் நட்சத்திரக் கதிர்போல் வெண்ணிற நரம்புகள் பிரிந்து ஓடுவதைக் காணலாம். குழம்புக்குக் கழுவும்போது நாம் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றில் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த ஒற்றை நரம்பிழை இருப்பதை 1936இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் யங் விளக்கினார். இவ்வளவு தடிப்பு இருந்ததால்தான் அதற்குள் கருவியைச் செலுத்தி ஆராய முடிந்தது. கணவாயின் இழைக்குள் 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் மின்னழுத்தத்தை அளக்கும் மின்முனையைச் செலுத்திய பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், சோடியம், பொட்டாசியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) உள்ளும் புறமும் பாய்வதே நரம்புத் துடிப்பு என்பதை 1952இல் கணிதமாகவே எழுதிக் காட்டினர். 1963இல் ஆஸ்திரேலிய நரம்பு ஆய்வாளர் எக்லஸுடன் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.