தண்ணீரை அளந்தீர்களா? குஷிங் நாய்கள் பற்றி வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் குஷிங் நோய் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஆறாக்கியிருக்கிறேன்.

எங்கள் டேஷ்ஹவுண்டுக்கு 10 வயது, 8 கிலோ. ஓயாமல் தண்ணீர் குடிக்கிறான், ராத்திரி ஹாலிலேயே சிறுநீர் போய்விடுகிறான். வயிறு பானை மாதிரி தொங்குகிறது. குஷிங் என்று மருந்து ஆரம்பித்துவிட்டோம். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? (அஸ்தம்பட்டி)

தண்ணீரை. மற்றதெல்லாம் அப்புறம்.

சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரீனல் சுரப்பி, கார்டிசால் என்ற ஹார்மோனை அளவுக்கு மேல் சுரப்பதுதான் குஷிங். ஆனால் 100 நாய்களில் 80, 85 நாய்களுக்குக் கோளாறு தொடங்குவது அங்கே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த சின்னக் கட்டி, அட்ரீனலைச் சும்மா இருக்க விடாமல் விரட்டிக்கொண்டே இருக்கிறது. மிச்சப் பேருக்கு அட்ரீனலிலேயே கட்டி. நீங்கள் கொடுக்கும் ட்ரைலோஸ்டேன் அந்தக் கட்டியைக் கரைக்காது. கார்டிசால் உற்பத்தியைச் சில மணி நேரம் அடக்கி வைக்கும், அவ்வளவுதான். அதனால்தான் ஆயுசு முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கார்டிசால் கூடினால் சிறுநீர் அதிகம் போகும், அதை ஈடுகட்டத்தான் அந்தத் தாகம். மருந்து வேலை செய்தால் முதலில் அடங்குவதும் பெரும்பாலும் தாகம்தான். காலை 7 மணிக்கு 2 லிட்டர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். கிண்ணத்தில் ஊற்றுவதெல்லாம் அதிலிருந்துதான். மறுநாள் 7 மணிக்குப் பாட்டிலிலும் கிண்ணத்திலும் மிச்சம் இருப்பதை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அதிகம். உங்கள் நாய்க்கு அது 800 மில்லி. ஒரே நாள் கணக்கை நம்பாமல் மூன்று நாள் சராசரி எடுங்கள். சித்திரை வெயிலில் சேலத்தில் எந்த நாயும் கூடத்தான் குடிக்கும், தயிர்சாதம் சாப்பிடும் நாய் உலர் தீவனம் தின்னும் நாயைவிடக் குறைவாகக் குடிக்கும். அதையும் நோட்டில் ஓரமாகக் குறித்து வையுங்கள்.

ஒரு வீட்டில் கணக்கு பிரமாதமாக இறங்கியது. எனக்கும் சந்தோஷம். ஆனால் வயிறு மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், ஏசி தண்ணீர் சொட்டுவதற்கு மாடிப்படி அடியில் வைத்த பக்கெட்டை நாய் தினமும் காலி செய்துகொண்டிருந்தது. பாத்ரூம் வாளி, பூத்தொட்டித் தட்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ராத்திரி சிறுநீர் போகிறதே என்று தண்ணீரை எடுத்து மட்டும் வைக்காதீர்கள். உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகிவிடும்.

ஏற்காட்டில் எஸ்டேட்டில் இருக்கிறோம். ரத்தப் பரிசோதனைக்குச் சேலத்துக்கு இறங்க வேண்டும். வளைவுகளில் ரோசி வாந்தி எடுப்பாள். பரிசோதனைதானே, வெறும் வயிற்றோடு கூட்டி வரலாமா? (ஏற்காடு)

நமக்குச் சர்க்கரை பார்த்துப் பழகிய பழக்கம், ரத்தம் என்றாலே வெறும் வயிறு. இங்கே அது தலைகீழ். ட்ரைலோஸ்டேன் உணவோடு போனால்தான் உடம்பில் சரியாகச் சேரும். சாப்பிடாத நாய்க்கு மருந்தைக் கொடுத்துப் பரிசோதித்தால், டோஸ் போதவில்லை என்று தப்பான பதில் வரும். அதை நம்பி டோஸைக் கூட்டினால் வினை.

டோஸ் சரியா என்று பார்க்கும் ஏசிடிஹெச் பரிசோதனையில் முதலில் ரத்தம் எடுத்து, அட்ரீனலைத் தூண்டிவிடும் ஏசிடிஹெச் ஹார்மோனை ஊசியாகப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். மருந்து கொடுத்த 4 முதல் 6 மணி நேரத்துக்குள் பார்ப்பது வழக்கம். 20 கொண்டை ஊசி வளைவில் மருந்தோடு வாந்தி எடுத்துவிட்டால் அன்றைய நாள் வீண். எனவே காலையில் வயிறு காலியாக இறங்குங்கள். சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் அவளைக் கொஞ்சம் படுக்க வைத்து, 8 மணிக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுங்கள். 12 மணிக்கு மருத்துவமனை. மருந்து கொடுத்த நேரத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி வாருங்கள். "எட்டு, எட்டரை இருக்கும்" என்றால் எனக்கு உதவாது.

அந்த ஊசி கைவசம் இல்லாதபோது, காலை மருந்துக்கு முன்னால் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்துக் கார்டிசால் பார்ப்பதும் உண்டு. ஆனால் பதறிப்போயிருக்கும் நாய்க்கு அது சரிவராது, பதற்றமே கார்டிசாலை ஏற்றிவிடும். வளைவில் குலுங்கி வந்த ரோசிக்கு அன்றைக்கு அது பொருந்தாது.

மருந்து ஆரம்பித்து 10 முதல் 14 நாளில் ஒரு பரிசோதனை, 4 வாரத்தில் ஒன்று, பிறகு 3 மாதத்துக்கு ஒரு முறை. நடுவில் டோஸ் மாறினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஊசிக்குப் பிந்தைய கார்டிசால் அளவு பொதுவாக ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிக்கு) 1.45 முதல் 5.4 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 40, 150 என்று பெரிய எண்ணாக வந்தால் பதறாதீர்கள். அது லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்ற வேறு அலகுக் கணக்கு, 27.6-ஆல் வகுத்துப் பாருங்கள்.

மருந்து ஆரம்பித்து 10 நாள். சாப்பாட்டுக்கு அலைந்தவன் இரண்டு நாளாகத் தட்டைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு முறை வாந்தி. மருந்து சேரும் வரை அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். (சூரமங்கலம்)

சொன்னவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். கார்டிசால் தேவைக்குக் கீழே இறங்கியிருக்கலாம். சோர்வு, வாந்தி, பேதி, நடுக்கம் எல்லாம் அதன் அறிகுறிகள். ரத்தத்தில் சோடியம் குறைந்து பொட்டாசியம் மிகவும் ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும். குஷிங் நாய் சாப்பிட மறுப்பது எப்போதுமே அவசரம்தான். அவன் சுருண்டு கிடந்தால் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள்.

கேப்சூலைப் பிரித்துச் சாதத்தில் கலக்கலாமா? மருமகள் மாசமாக இருக்கிறாள், அவள் மருந்து கொடுக்கலாமா? ஒரு வேளை மறந்துவிட்டால்? (அம்மாபேட்டை)

பிரிக்கக் கூடாது. மருமகள் அதைத் தொடவே வேண்டாம், கருவைப் பாதிக்கக் கூடிய மருந்து. கொடுப்பவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மறந்த வேளையை விட்டுவிடுங்கள், அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். எல்லாக் கடையிலும் கிடைக்கிற மருந்து இல்லை என்பதால் டப்பாவில் இரண்டு வாரத்துக்கு மிச்சம் இருக்கும்போதே சொல்லி வையுங்கள்.

அரிப்புக்கு ஒரு வருஷமாக ஊசியும் மாத்திரையும் கொடுத்து வந்தோம். காதுக்குச் சொட்டு மருந்தும் உண்டு. இப்போது முடி கொட்டி, வயிறு தொங்குகிறது. இதுவும் குஷிங் என்றால் அதே மருந்துதானே? (ஆத்தூர்)

இல்லை. அந்த அரிப்பு மருந்து ஸ்டீராய்டாக இருந்தால், நாம் வெளியிலிருந்து ஊற்றிய கார்டிசால்தான் இது. பார்வைக்கு அச்சு அசல் குஷிங். உள்ளே நிலைமை நேர் எதிர்: வெளியிலிருந்தே கிடைப்பதால் அட்ரீனல் வேலையை நிறுத்திச் சுருங்கிப் போயிருக்கும். அதன் மேல் ட்ரைலோஸ்டேன் கொடுப்பது, விழுந்தவனை மிதிக்கிற மாதிரி. பயந்துபோய் ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து. மருத்துவர் சொல்லும் கணக்கில், வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பழைய சீட்டு, காலி டியூப், சொட்டு மருந்துப் புட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தோலில் தடவுவதும் காதில் விடுவதும் கூட உள்ளே போகும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ஒரே ஊசியில் அரிப்பு நின்றால் கைராசி என்கிறோம், எங்கள் தொழிலுக்கும் இதில் பங்கு உண்டு.

இரண்டு மாத மருந்தில் தாகம் அடங்கிவிட்டது. முடி இன்னும் வரவில்லை. இப்போது பின்னங்காலையும் நொண்டுகிறான். மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா? (ஃபேர்லேண்ட்ஸ்)

முடிக்கு 3 முதல் 6 மாதம் பிடிக்கும். வருவதற்கு முன் இன்னும் கொஞ்சம் கொட்டுவதும் உண்டு. நொண்டல் வேறு கதை. அவனுக்கு மூட்டுத் தேய்மானம் முன்பே இருந்திருக்கலாம். கார்டிசால் நல்ல வலி நிவாரணி, இத்தனை நாள் வலியை அது மூடி வைத்திருந்தது. இப்போது கார்டிசால் இறங்கியதும் வலி வெளியே தெரிகிறது. மருத்துவர் மூட்டைப் பார்த்து, சிறுநீரகத்துக்கும் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் வலி மருந்து எழுத முடியும். அதுவரை மொசைக் தரையில் ஒரு கோரைப்பாயை விரித்துப் போடுங்கள், வழுக்காமல் எழுந்திருப்பான். வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த கால்வலி மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.