நோயின் பெயரை எழுதாதீர்கள்

அன்புள்ள ஐயா,

மருத்துவரான என் அப்பா, தன் சொத்தில் ஒரு பகுதியை மருத்துவ ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகைக்காகப் பல்கலைக்கழகத்துக்கு உயில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு இறந்தவர். டயாலிசிஸுக்குப் போகும்போதும் கையில் மருத்துவ இதழ் இருக்கும். ஆகவே, ‘சர்க்கரை நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகளுக்கு மட்டும்’ என்று விதிமுறையில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். முதல் தொகையைத் தொடாமல் வட்டியிலிருந்து மட்டும் கொடுத்தால் போதுமா? அவர் பெயரை வைக்கலாமா?

சி.

அன்புள்ள சி.,

பெயரைத் தாராளமாக வையுங்கள். வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பங்கை முதலோடு சேர்த்துவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் விலைவாசி தின்றுவிடும். மற்றதை ஒரு நல்ல தணிக்கையாளர் பார்த்துக்கொள்வார்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ‘மட்டும்’தான். உங்கள் அப்பா எழுதியது ‘மருத்துவ ஆராய்ச்சி’ என்று. அதைக் குறுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

1869இல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர், 21 வயதில், கணையத்தைப் பற்றி ஆய்வேடு எழுதினார். நுண்ணோக்கியில் பார்த்தபோது, செரிமான நீர் சுரக்கும் திசுவுக்கு நடுவே வெளிறிய சின்னஞ்சிறு செல்கள் அங்கங்கே கொத்துக்கொத்தாகத் தெரிந்தன. இவை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை என்று ஒளிக்காமல் எழுதிவைத்தார். 1888இல் இறந்தும் போனார். அடுத்த ஆண்டுதான் மின்கோவ்ஸ்கி, மேரிங் என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை அகற்றி, அதற்குச் சர்க்கரை நோய் வந்ததைக் கண்டார்கள். 1921இல் டொரன்டோவில் பான்டிங் என்ற மருத்துவரும், 22 வயதே ஆன அவருடைய உதவியாளர் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அது சுரப்பது லாங்கர்ஹான்ஸ் பார்த்த அதே கொத்துகளில்தான். இடையில் 52 ஆண்டுகள்!

இப்போது சொல்லுங்கள், அந்தப் பையன் உங்கள் விண்ணப்பப் படிவத்தை நிரப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘எந்த நோய்க்கு மருந்து?’ என்ற கட்டத்தில் எழுத அவனிடம் ஒன்றுமே இல்லை. முதல் சுற்றிலேயே தள்ளியிருப்பீர்கள். சர்க்கரை நோயாளிக்கென்று வைத்த பணம், சர்க்கரை நோய்க்கு வழி திறந்தவனுக்கே கிடைத்திருக்காது.

1714இல் இறந்த மருத்துவர் ஜான் ராட்கிளிஃப், ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் பயிலும் இருவருக்குப் பத்தாண்டுகள் பணம் கொடுக்கும்படி உயில் எழுதினார். அதில் பாதிக் காலமாவது அவர்கள் கடல்கடந்த நாடுகளில் பயணம் செய்து கற்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்தாண்டுகள்! மாணவனை நம்பி எழுதிய உயில் அது. நிபந்தனை போட்டே தீருவேன் என்றால் இப்படிப் போடுங்கள்: பணம் மாதம் பிறந்தவுடன் போய்ச்சேர வேண்டும், ஆய்வு தோற்றாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. என் நண்பர் ஒருவருக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் வராது. மாதிரிகளை உறைபெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு மாலையில் டியூஷன் எடுக்க ஓடுவார். கடைசியில் ஆய்வையே விட்டுவிட்டார். அவர் கையால் பெயர் எழுதி ஒட்டிய குப்பிகளை யாரோ குப்பையில் கொட்டினார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. அப்பாவைக் கொன்ற நோயைப் பழிவாங்கத் துடிக்கிறீர்கள். ஆனால் அவர் டயாலிசிஸுக்குக் கொண்டுபோன இதழ்களில் சிறுநீரகக் கட்டுரைகளை மட்டுமா படித்தார்? வீட்டில் எடுத்துப் பாருங்கள். பிறகு பல்கலைக்கழகத்துக்கு எழுதி அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள், ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே.