மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் மின்சாரம் செலுத்தும்போது நீல நிறம் ஒரு முறை மங்குகிறது, இன்னொரு முறை மங்குவதில்லை. ஏன்?

கார்பன் குச்சிகளை வைத்தால் நீலம் வெளுக்கிறது, செம்புத் தகடுகளை வைத்தால் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். வித்தியாசம் முழுக்க நேர்மின்வாயில்தான், அதாவது பேட்டரியின் நேர்முனையோடு இணைத்த குச்சியில் அல்லது தகட்டில்தான். எதிர்முனையோடு இணைத்த எதிர்மின்வாயில் இரண்டு முறையும் ஒரே வேலைதான் நடக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மின்சாரம்தான் உப்பைப் பிரிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்ததுமே அது மின்னூட்டம் கொண்ட துகள்களாக, அதாவது தாமிர அயனியாகவும் சல்பேட் அயனியாகவும் பிரிந்துவிடும், பேட்டரியை இணைப்பதற்கு முன்பே. இந்தக் கருத்துக்கு வித்திட்ட ஆய்வேட்டை ஸ்வாந்தே அரீனியஸ் 1884இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்தபோது அதற்குக் கீழான தரம்தான் போட்டார்கள். 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இது புரியாமல் சமன்பாட்டை மனப்பாடம் செய்து பயனில்லை.

சரி, எதிர்மின்வாய்க்கு வருவோம். அங்கே வரும் ஒவ்வொரு தாமிர அயனியும் இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு உலோகமாகப் படிகிறது. மின்னோட்டம் குறைவாக இருந்தால் இளஞ்சிவப்பாக, வழவழவென்று படியும். அவசரப்பட்டு அதிகம் செலுத்தினால் கருஞ்சிவப்புப் பொடியாகப் படிந்து, விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.19 கிராம் செம்பு சேரும். இந்தக் கணக்கை 1830களிலேயே ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே வகுத்துவிட்டார்.

நேர்மின்வாய் கார்பனாக இருந்தால், எலக்ட்ரானைக் கொடுப்பது சல்பேட் அல்ல, தண்ணீர். குச்சியை ஒட்டிப் பொடிப்பொடியாகக் குமிழ்கள் எழும்புகின்றனவே, அது ஆக்சிஜன். ஆக்சிஜன் வெளியே போய்விட, ஹைட்ரஜன் அயனிகள் கரைசலிலேயே தங்கிவிடுகின்றன. நீலத்துக்குக் காரணமான தாமிர அயனிகள் குறையக் குறைய நிறம் வெளுக்கிறது. கடைசியில் மிஞ்சுவது நீர்த்த கந்தக அமிலம்.

செம்புத் தகடு என்றால் கதை வேறு. தண்ணீரை விடச் செம்பு எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும். அதனால் தகடே கரைகிறது. இந்தப் பக்கம் ஒரு அயனி படியும்போது அந்தப் பக்கம் ஒன்று கரைசலுக்குள் வருகிறது. நிறம் எப்படி மாறும்? குமிழும் வராது. இதற்கு ஒரே ஒரு டார்ச் செல் போதும், கார்பனுக்கோ இரண்டு மூன்று செல்லாவது வேண்டும். தண்ணீரிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதுதான் காரணம்.

செம்பு ஆலைகளில் சுத்திகரிப்பதும் இதே முறையில்தான். சுமார் 99 சதவீதச் செம்பை நேர்மின்வாயாகத் தொங்கவிடுவார்கள், எதிர்ப்பக்கம் 99.99 சதவீதம் படியும். செம்போடு கலந்திருந்த வெள்ளியும் தங்கமும் கரையாமல் தொட்டியின் அடியில் சேறாகத் தங்கும். அதைத் தனியாக எடுத்துப் பிரிக்கிறார்கள்.

வீட்டில் மறுபடி செய்வதாக இருந்தால் செல் மட்டும் பயன்படுத்துங்கள், வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம். மயில்துத்தம் நஞ்சு, சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வெளுத்த பிறகும் அதில் அமிலமும் கொஞ்சம் தாமிரமும் இருக்கும், செடிக்கோ மீன் தொட்டிக்கோ ஊற்றிவிடாதீர்கள்.