கணினி கேள்வி பதில்: பேனிக் ஆனது கெர்னல்தான், நீங்கள் ஆக வேண்டாம்

கேள்வி: அண்ணாச்சி, பழைய லேப்டாப்பில் டெபியன் 12 லினக்ஸ் வைத்திருக்கிறேன். அதன் மையப் புரோகிராமான கெர்னலின் 6.12 பதிப்பை இறக்கி, இருந்த கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலையே வைத்து ராத்திரி முழுக்கக் கம்பைல் செய்தேன். இன்ஸ்டால் ஆகும்போது நடுவில் ஏதோ எர்ரர் வந்தது. பூட் மெனுவில் புது கெர்னல் இல்லாததால், அந்த மெனுவைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-கிரப்' கட்டளையை நானே கொடுத்தேன். இப்போது 'கெர்னல் பேனிக், அன்னோன் பிளாக் (0,0)' என்று நிற்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடணுமா?
- கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: வேண்டவே வேண்டாம், தம்பி. பழைய 6.1 கெர்னல் அலுங்காமல் அங்கேயேதான் இருக்கிறது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் அதைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளே வந்ததும் பூட் பார்ட்டிஷனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். அநேகமாக நிறைந்திருக்கும். டெபியனின் கான்ஃபிக்கில் பிழை தேட உதவும் டீபக் தகவல் சேர்ந்தே வரும். அதனால் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துண்டுகள்) ஊதிப்போய், பூட் ஆகும்போது கெர்னலுக்கு வட்டு டிரைவர்களைத் தரும் இனிட்ராம்ஃப்எஸ் ஃபைல் சில நூறு எம்பிக்குப் போய்விடும். சின்ன டிபன் பாக்ஸில் கல்யாணப் பந்தியை அடைக்கிற கதைதான். இடம் போதாமல் அது உருவாகவே இல்லை; நீங்கள் பார்த்த எர்ரர் அதுதான். அதோடு விட்டிருந்தால் மெனுவில் 6.12 வந்தே இருக்காது. நீங்கள் கையால் கொடுத்த அப்டேட்-கிரப், கெர்னல் ஃபைலைப் பார்த்து இனிட்ராம்ஃப்எஸ் இல்லாமலேயே ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. வட்டு டிரைவர் கிடைக்காத கெர்னல் (0,0) என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும்?

கம்பைலை மறுபடி ஓட்ட வேண்டாம். அதே ஃபோல்டரில் 'மாட்யூல்ஸ் இன்ஸ்டால்' கட்டளையோடு, டீபக் தகவலை உரித்தெடுக்கும் 'இன்ஸ்டால் மாட் ஸ்ட்ரிப்=1' சேர்த்துக் கொடுங்கள். அப்புறம் 'மேக் இன்ஸ்டால்'. இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் ஊதிப்போன பழைய மாட்யூல்களை வைத்தே இனிட்ராம்ஃப்எஸ் செய்யப் பார்த்து, மறுபடி அதே எர்ரரில் போய் நிற்பீர்கள்.

சரி, அடுத்த பூட்டுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பெரிய எண் உள்ள கெர்னலைத்தான் கிரப் மேலே வைக்கும். அதனால்தான் தினமும் பேனிக்கில் போய் விழுகிறீர்கள். கிரப்பின் டிஃபால்ட் ஃபைலில் 'கிரப் டிஃபால்ட்' என்பதை 'சேவ்டு' என்று மாற்றி, கெர்னல் வரியில் 'பேனிக்=10' சேர்த்து, அப்டேட்-கிரப் கொடுங்கள். பிறகு 'கிரப்-செட்-டிஃபால்ட்' மூலம் பழையதை நிரந்தரமாக்குங்கள். இரண்டே கெர்னல் இருந்தால் அதன் எண் '1>2'. மேற்கோள் குறி கட்டாயம். விட்டுவிட்டால் ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அதை 'ஃபைலில் எழுது' என்ற அம்புக்குறியாக எடுத்துக்கொண்டு '2' என்று ஒரு ஃபைலை உருவாக்கிவிட்டுப் போய்விடும். கடைசியாக 'கிரப்-ரீபூட் 0'. புதுக் கெர்னலுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. மறுபடியும் பேனிக் ஆனாலும் பத்து விநாடியில் தானாக ரீபூட் ஆகி 6.1-க்குத் திரும்பிவிடும்.

ரெண்டு வாரம் வைஃபை, சவுண்டு, ஸ்லீப் எல்லாம் ஒழுங்காக ஓடினால் 6.12-ஐயே டிஃபால்ட்டாக்கிக்கொள்ளுங்கள். 'பேட் ஷிம் சிக்னேச்சர்' என்று வந்தால் அது கையெழுத்திடாத கெர்னலைத் தடுக்கும் செக்யூர் பூட் விவகாரம். பயாஸில் போய் அதை அணைத்துவிட்டு முயன்று பாருங்கள்.