மஃப்டியில் வந்தால் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: இரவு பத்து மணிக்கு பேன்ட் சட்டையில் மூன்று பேர் வந்தார்கள். "ஸ்டேஷன் வரை வந்துட்டுப் போகட்டும்" என்று என் தம்பியை பைக்கில் ஏற்றிச் சென்றார்கள். எந்த ஸ்டேஷன் என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் மாலைதான் விட்டார்கள். சீருடை இல்லாமல் வந்து இப்படி அழைத்துப் போகலாமா?

பதில்: மஃப்டியில் வருவது தப்பில்லை. திருடனைத் தேடிப் போகிற குற்றப்பிரிவுக்காரர் காக்கியில் போனால் தெருமுனையிலேயே ஆள் ஓடிவிடுவான். ஆனால் கைது செய்கிற நேரத்தில், உடுத்தியிருப்பது எதுவானாலும், பெயர் தெளிவாகத் தெரிகிற அடையாளம் மேலே இருக்க வேண்டும். காவலில் நடக்கும் சித்திரவதை, மரணம் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 36-வது பிரிவும் இப்போது அதையேதான் சொல்கிறது. மஃப்டிக்கு அதில் விலக்கு கிடையாது.

பர்ஸை விரித்து உடனே மூடினால் அது அடையாளம் காட்டியதாகாது. "சார், ஒரு நிமிஷம், படிச்சுக்கிறேன்" என்று பணிவாகவே கேளுங்கள். பெயர், பதவி, ஸ்டேஷன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பைக் நம்பரையும் சேர்த்து. சந்தேகம் வந்தால் அங்கேயே 100-க்கு அடித்துக் கேளுங்கள். போலீஸ் வேடம் போடுவது தனிக் குற்றம்.

கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, வீட்டார் ஒருவரோ அக்கம்பக்கத்துப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். "சும்மா விசாரணைக்குத்தான்" என்கிற பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. காகிதம் இல்லையென்றால் கூட்டிப்போன நேரம் பதிவாகாது; மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்றே காட்ட முடியாது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி இறந்தது போலீஸ் தனிப்படை விசாரணையில்தான். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். சாட்சியாக விசாரிக்கவும் எழுத்தில் அழைப்பு வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் அப்படி ஸ்டேஷனுக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது.

இனி இப்படி நடந்து, ஸ்டேஷனில் "இங்கே இல்லை" என்று கைவிரித்தால், எஸ்.பி. அலுவலகத்துக்கு உடனே மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் பதிவாகிற நேரம் பின்னால் சாட்சியாக நிற்கும். அப்புறம் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு.

தம்பி வீடு வந்துவிட்டான் என்று இதை விட்டுவிடாதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் தர ஓராண்டு அவகாசம் உண்டு. அவனை வைத்திருந்த ஸ்டேஷனின் சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி, இந்த வாரமே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.