'குட் டு கோ' வந்தால் வேலை முடிந்ததா? ஸ்லைடு கேள்வி-பதில்

பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி ஸ்லைடு செய்வது பற்றித்தான் இந்தக் கேள்வி-பதில். செமஸ்டர் தொடங்கும் நேரம் என்பதால் இந்த முறை கல்லூரிக் கடிதங்களே அதிகம். பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி ஸ்லைடு இருக்கிறதா என்று பார்க்கும் பவர்பாயிண்ட் ஆக்சஸிபிலிட்டி செக்கரை ஓட்டினேன். கீழே 'குட் டு கோ' (எல்லாம் சரி) என்று வந்துவிட்டது. இனி ஏதாவது செய்ய வேண்டுமா? (ஆசிரியை, சத்துவாச்சாரி)

வேண்டும். படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (படத்தில் இருப்பதைச் சொல்லும் குறிப்பு) இருக்கிறதா, ஸ்லைடுக்குத் தலைப்பு இருக்கிறதா, அட்டவணைக்குத் தலைப்பு வரிசை இருக்கிறதா என்றுதான் செக்கர் பார்க்கும். எழுதியிருப்பது சரியா என்பது அதற்குத் தெரியாது. கோட்டைப் படத்துக்கு 'படம்' என்று ஒரே சொல் போட்டாலும் விட்டுவிடும். 'கோட்டை மதில், சுற்றிலும் நீர் நிறைந்த அகழி' என்று எழுதினால்தான் பாடம் போய்ச் சேரும். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்க்ரீன் ரீடரான என்விடிஏவை இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது, ஈஸ்பீக் தமிழ்க் குரலும் கூடவே வருகிறது. ஹெட்போன் மாட்டி, கண்ணை மூடி, 5 ஸ்லைடாவது கேளுங்கள்.

கே: என் பிபிடியில் செக்கர் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? (குடியாத்தம்)

எந்த வெர்ஷன், என்ன செய்தி வந்தது, ஒன்றும் எழுதவில்லை. இப்படிக் கேட்டால் ஊகித்துத்தான் பதில் சொல்ல முடியும். பழைய பிபிடி ஃபைல் என்றால் செக்கர் ஓடாது, பிபிடிஎக்ஸாகச் சேமித்துவிட்டு ஓட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் விவரத்தோடு எழுதுங்கள்.

கே: ஸ்க்ரீன் ரீடர் அடிக்குறிப்பை முதலில் படித்துவிட்டு அப்புறம் தலைப்புக்கு வருகிறது. ஏன்? (காட்பாடி)

ஒவ்வொரு பெட்டியையும் நீங்கள் ஸ்லைடில் வைத்த வரிசையில் அது படிக்கிறது. செலக்ஷன் பேனைத் திறந்து மாற்றுங்கள். அங்கே பட்டியல் கீழிருந்து மேலாகப் போகும், பலர் இதில்தான் தடுமாறுகிறார்கள். புதிய வெர்ஷன்களில் உள்ள ரீடிங் ஆர்டர் பேனில் மேலிருந்து கீழ். மாற்றியபின் ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள்.

கே: எங்கள் துறை ஸ்லைடுகள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் உள்ளன. செக்கர் ஒரு பிழையும் காட்டவில்லை. ஆனால் பார்வையற்ற மாணவர் ஒருவர் 'ஒண்ணுமே புரியல சார்' என்கிறார். ஃபாண்டை லதாவுக்கு மாற்றினால் எல்லாம் ஆங்கில எழுத்தாகிவிடுகிறது. (தமிழ் விரிவுரையாளர், ஆற்காடு)

உங்கள் மாணவர் சொல்வது முழுக்க உண்மை. பாமினியில் நீங்கள் பார்க்கும் 'அம்மா' கம்ப்யூட்டருக்கு அம்மா அல்ல. எம், கே, செமிகோலன், கே, எச். அவ்வளவுதான். அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறார்கள், ஃபாண்டை மாற்றியதும் போர்வை விலகிவிடுகிறது. ஸ்க்ரீன் ரீடர் போர்வையைப் பார்ப்பதில்லை, அடியில் இருப்பதைப் படிக்கிறது. செக்கருக்கோ அதுவும் ஏதோ ஓர் எழுத்து, எனவே பிழை இல்லை.

இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வரலாற்று ஸ்லைடுகளைச் சோதிக்கப் போயிருந்தேன். பாடம் 1806 ஜூலை 10, வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி. சுமார் 40 ஸ்லைடு, செக்கரில் சுத்தம். முன்வரிசையில் பார்வையற்ற மாணவி ஒருவர். அவருடைய ஹெட்போனில் ஒரு பக்கத்தை வாங்கி நானும் காதில் வைத்தேன். 1806 என்ற எண் மட்டும் தெளிவாக விழுந்தது, மற்றதெல்லாம் ஆங்கில எழுத்துகளின் சிதறல். அவர் அந்த எண்ணைப் பிரெய்லில் குத்திக்கொண்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார். கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, கோட்டையில் நடந்ததில் அவருக்குக் கிடைத்தது ஒரு வருடம் மட்டும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே கம்ப்யூட்டரில் சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010லேயே ஏற்றாகிவிட்டது. 'பழகிவிட்டது சார்' என்ற பதிலை இனி என்னிடம் சொல்லாதீர்கள். செய்ய வேண்டியது இதுதான்: எழுத்தை எடுத்து பாமினி-யூனிகோடு கன்வெர்ட்டரில் போடுங்கள், திரும்ப ஒட்டிவிட்டு நிர்மலா அல்லது லதா ஃபாண்ட் கொடுங்கள். ஸ்ரீ, ஷ, க்ஷ வரும் இடங்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள், அங்கேதான் உடையும். ஸ்மார்ட் ஆர்ட், சார்ட் உள்ளே இருக்கும் எழுத்தையும் மறக்காதீர்கள். ரிவ்யூவில் ப்ரூஃபிங் மொழியைத் தமிழாக வையுங்கள். நேரமில்லை என்று ஸ்லைடை ஜேபிஜியாக்கி ஒட்டிவிடாதீர்கள், அதில் படிக்க எழுத்தே இருக்காது. முடித்ததும் அந்த மாணவரையே கேட்கச் சொல்லுங்கள்.

கே: தோல் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சி எடுக்கிறேன். போட்டோவின் மேல் மஞ்சள் எழுத்து. கான்ட்ராஸ்ட் எச்சரிக்கை வரவில்லை, சரிதானே? (ராணிப்பேட்டை)

சரியில்லை. படத்தின்மேல் எழுத்து இருந்தால் செக்கரை நம்ப முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் (கான்ட்ராஸ்ட்) சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும். கலர் கான்ட்ராஸ்ட் அனலைசர் இலவசம், அதன் ஐட்ராப்பரை எழுத்தின்மேல் ஒருமுறை, பின்னால் உள்ள மிக வெளிச்சமான இடத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். எழுத்துக்கு அடியில் அடர்நிறப் பட்டை போட்டால் தொல்லையே இல்லை.

கே: இதெல்லாம் சட்டப்படி கட்டாயமா? (ஆம்பூர்)

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 42. வாசித்துப் பாருங்கள்.

கே: பிடிஎஃப் ஆக்கினால் எல்லாம் போய்விடுகிறதே? (வாலாஜா)

பிரிண்டில் போய் ஆக்கியிருப்பீர்கள், அப்படி ஆக்கினால் எது தலைப்பு, எது படம் என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லும் டேக் போய்விடும். சேவ் ஆஸ் பிடிஎஃப், அதில் ஆப்ஷன்ஸ், அங்கே டாக்குமெண்ட் ஸ்ட்ரக்சர் டேக்ஸ் டிக். பிறகு பிடிஎஃப்பைச் சோதிக்கும் பேக் (PAC) செக்கரில் போட்டுப் பாருங்கள், அப்புறம் ஹெட்போன்.