வாசகர் கேள்வி: வால் இல்லாத கிப்பன் விழாமல் போவது எப்படி?

கேள்வி: கிப்பன் என்ற சிறு மனிதக்குரங்குக்கு வாலே கிடையாது. பிறகு எப்படிக் கிளைக்குக் கிளை அவ்வளவு வேகமாகத் தாவுகிறது? (சேலம் வாசகர்)

நம்மூர் நாட்டுக்குரங்கு கிளையின் மேல் நாலு காலில் நடக்கும். உடல் பாரம் கிளைக்கு மேலே இருப்பதால் எந்தப் பக்கமும் கவிழலாம். வாலை வீசிச் சமாளிக்கிறது. கிப்பனோ கிளைக்கு அடியில் தொங்குகிறது. தொங்குவதற்குக் கவிழும் பயம் ஏது?

அந்தத் தொங்கலுக்காகவே உடம்பு மாறியிருக்கிறது. நாட்டுக்குரங்கின் மார்பு நாயின் மார்புபோல ஒடுங்கியது. தோள்பட்டை எலும்பு விலாப்பக்கம் இருக்கும். கிப்பனின் மார்பு அகன்று தட்டையானது. தோள்பட்டை முதுகில் படிந்திருக்கிறது. நீண்ட காறை எலும்பு (கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பு) தோளை வெளிப்புறமாகத் தள்ளிப் பிடிப்பதால் கை தலைக்கு மேல் தாராளமாகச் சுழலும். நமக்கும் ஏறக்குறைய இதே தோள்தான். கால் எலும்புகளின் நீளத்தை 100 என்று வைத்தால் கிப்பனின் கை எலும்புகள் சுமார் 130. நமக்கு 70 சொச்சம்தான்.

எல்லாவற்றையும்விட அருமையானது மணிக்கட்டு. ஒரு கையில் தொங்கியபடியே உடலைத் திருப்பி மறு கையை எட்டிப் போட வேண்டும். முன்கையில் சுண்டுவிரல் பக்கம் உள்ள அல்னா எலும்பு மணிக்கட்டில் நேராக முட்டாமல் விலகி நிற்கிறது. மணிக்கட்டின் நடுமூட்டு கிண்ணத்துக்குள் பந்து போலச் சுழல்கிறது. அதனால் பிடித்த கை திருகிக்கொள்ளாது. நான்கு விரல்களும் கொக்கியாக மாட்டும். கட்டைவிரல் மணிக்கட்டுக்கு அருகிலேயே பிரிந்து ஒதுங்கிவிடும்.

மெதுவாகப் போகும்போது ஒரு கையாவது கிளையில் இருக்கும், ஊசல் ஆடுவதுபோல. வேகமெடுத்தால் இரண்டையும் விட்டுவிட்டுக் காற்றில் பாயும்.

கேள்வி: அப்படியானால் விழவே விழாதா?

விழும். 1937இல் தாய்லாந்தில் சேகரித்த கிப்பன்களின் எலும்புக்கூடுகளை மானிடவியலாளர் ஆடால்ஃப் ஷுல்ட்ஸ் ஆராய்ந்தார். வளர்ந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் முறிந்து கூடிய எலும்பு இருந்தது. காய்ந்த கிளை ஒடிந்தால் எந்த மணிக்கட்டும் காப்பாற்றாது.

அதைவிடக் கவலை தருவது, பிடிக்கக் கிளையே இல்லாத இடம். அசாமின் ஹொல்லோங்காபார் சரணாலயத்தை ரயில் பாதை இரண்டாகப் பிளக்கிறது. மேலே மரக்கிளைகள் கைகோக்காவிட்டால் அங்குள்ள ஊலக் என்ற வகைக் கிப்பன்கள் அந்தப் பக்கம் போக வழியில்லை.

கேள்வி: ஒராங்குட்டானும் இப்படித்தான் பாயுமா?

பாயாது. வளர்ந்த ஆண் 80 கிலோ வரை இருக்கும். எந்தக் கிளை தாங்கும்? நான்கு கைகால்களாலும் பல கிளைகளைப் பற்றி எடையைப் பகிர்ந்தபடி நகரும். தொடையெலும்பின் தலையை இடுப்புக் குழியோடு கட்டும் இணைப்பு நார் அதற்குப் பெரும்பாலும் இராது. அதனால் காலும் கை போல எத்திசையிலும் விரியும். இடைவெளி பெரிதென்றால் மெல்லிய மரத்தைத் தன் எடையால் முன்னும் பின்னும் ஆட்டி, அடுத்த மரம் எட்டியதும் மாறிக்கொள்ளும்.